ஏழாம் தலைமுறைக்கு இடமில்லை

2025 தீபாவளிக்கு ஆறு நாள் முந்தி, அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்தது. பதினொன்றுக்கு மாறுங்கள், இலவசம் என்று அதற்கு முன்பிருந்தே திரையில் அறிவிப்பு வந்துகொண்டிருந்தது. சரி, மாறித்தான் பார்ப்போமே என்று உட்கார்ந்தால், இந்தக் கணினிக்குத் தகுதி இல்லை என்று பதில் வந்தது.

ரசீது, உரிமம் எல்லாம் ஒழுங்காக வைத்திருக்கிற என் முதல் கம்ப்யூட்டர் இது. கள்ள சி.டி. போட்டு ஓட்டிய காலத்தில் என் தகுதியை யாரும் கேட்டதில்லை.

அந்தக் காலத்தில் எங்கள் ஊர் காப்பாரில் கம்ப்யூட்டர் இருந்த வீட்டை விரல்விட்டு எண்ணலாம். பிறகு 'ஒரு வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர்' என்று அரசாங்கம் இயக்கம் நடத்தியது. இ.பி.எஃப். சேமநிதிப் பணத்தை எடுத்துக் கம்ப்யூட்டர் வாங்கிக்கொள்ளலாம் என்று அனுமதியும் வந்தது. எங்கள் தாமானில் அன்றைக்குத்தான் பலருக்குக் கல்வியின் அருமை புரிந்தது. ரசீதில் கம்ப்யூட்டர் இருக்கும், வாசலில் மோட்டார்சைக்கிள் நிற்கும். நாடு முழுக்க இதே கதையாகிப் போனதால் கொஞ்ச காலத்திலேயே திட்டத்தை நிறுத்திவிட்டார்கள். என் வீட்டுக்கு வந்தது நிஜமான கம்ப்யூட்டர். அதனால் அக்கம்பக்கத்தில் என்னை ஒரு மாதிரிதான் பார்த்தார்கள்.

அதில் விண்டோஸ் 98 இருந்தது. 2001 அக்டோபரில் எக்ஸ்பி வெளிவந்ததும் ஊரெல்லாம் அதே பேச்சு. அமெரிக்காவில் அதன் விலை 199 டாலர். டாலருக்கு 3.80 வெள்ளி என்று நம் பணத்தைக் கட்டிப்போட்டிருந்த காலம் அது; கணக்குப் போட்டால் 750 வெள்ளிக்கு மேல். கிள்ளானில் கொமுட்டர் ஏறி, கோலாலம்பூரில் இறங்கி இம்பி பிளாசாவுக்குப் போனால், அதே எக்ஸ்பி கோப்பிக் கடையில் இரண்டு பேர் சாப்பிடும் செலவுக்குள் முடிந்துவிடும். மேசைமேல் வெறும் அட்டைகள்தான் இருக்கும். அட்டையிலுள்ள எண்ணைச் சொன்னால் பையன் எங்கோ ஓடிப்போய் சி.டி.யோடு வருவான். அமைச்சு அதிகாரிகள் வருகிறார்கள் என்று யாராவது குரல் கொடுத்தால் மேசையே இருக்காது. உறைக்குள் ஒரு துண்டுச் சீட்டில் 25 எழுத்துச் சாவி எழுதியிருக்கும். சொந்த அடையாள அட்டை எண் மறந்தவர்கள்கூட அந்த 25 எழுத்தையும் மனப்பாடமாக ஒப்பித்தார்கள்.

எக்ஸ்பிக்குக் குறைந்தது 64 எம்.பி. நினைவகம் வேண்டும். என்னிடம் இருந்ததும் சரியாக 64தான். ஓடியது என்பதைவிட, நடந்தது என்று சொல்லலாம். போடுகிற வேலையைத் தாமான் தம்பி ஒருவர் செய்தார். மாலையில் வானம் இருட்டியதும் அவர் முதலில் செய்தது, தொலைபேசி வயரிலிருந்து மோடத்தைப் பிடுங்கியதுதான். கிள்ளான் பள்ளத்தாக்கில் இடிக்குப் பஞ்சமில்லை. ஒரு வெட்டு வெட்டினால் மோடம் போய்விடும். பக்கத்திலேயே 2,420 மெகாவாட் மின்நிலையத்தை வைத்துக்கொண்டு, இடிக்குப் பயந்து இருட்டில் உட்கார்ந்திருப்போம்.

விண்டோஸ் வந்துவிட்டது, தமிழ் போய்விட்டது. பழைய விண்டோஸை முழுக்க அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டதால் எழுத்துருக்களும் சேர்ந்து அழிந்தன. கோயில் திருவிழா நோட்டீசும் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கடிதங்களும் முரசு அஞ்சலில் அடித்து வைத்தவை. இங்கே பக்கத்துக் கேரித் தீவில் பிறந்த முத்து நெடுமாறன் 1985இல் தொடங்கிய முரசுதான் எங்களுக்குக் கம்ப்யூட்டரில் தமிழ். அதை நெகிழ்வட்டிலிருந்து மறுபடி ஏற்றினோம். கடிதங்கள் உயிர் பெற்றன. ஆனால் யூனிகோட் என்று புதிதாக வந்திருந்த தமிழ் வேறு விதமாகப் படுத்தியது. 'கெ' என்று வர வேண்டிய இடத்தில் கொம்பு க-வுக்குப் பின்னால் போய், பக்கத்தில் ஒரு புள்ளி வட்டத்தைத் துணைக்கு வைத்துக்கொண்டு நிற்கும்.

அதற்கும் வழி இருந்தது. அமைப்புகளுக்குள் நுழைந்து, சிக்கலான எழுத்துகளுக்கும் வலமிருந்து இடம் எழுதும் மொழிகளுக்கும் என்ற கட்டத்தில் ஒரு சரி போட வேண்டும். தமிழ் என்ற பெயரே அங்கே கிடையாது. தாய்லாந்து மொழிக்கு மட்டும் அடைப்புக்குறிக்குள் தனி மரியாதை. சரி போட்டால் சி.டி.யைப் போடு என்று கேட்கும். சி.டி. அதற்குள் மேருவில் ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தது. அங்கிருந்து அது அவருடைய மச்சான் வீட்டுக்குப் போய், பிறகு திரும்பி வரவேயில்லை. இம்பி பிளாசாவுக்கு மறுபடி போனேன்.

இன்றைக்கு அந்தத் தொல்லை எதுவும் இல்லை. தமிழ்99 விசைப்பலகைகூட 2019இல் விண்டோஸ் 10க்குள்ளேயே வந்துவிட்டது. திருவிழா நோட்டீசைத்தான் கம்ப்யூட்டரில் யாரும் அடிப்பதில்லை, வாட்ஸ்அப்பில் படமாக வருகிறது.

தகுதி விஷயத்துக்கு வருவோம். பதினொன்று கேட்பது 4 ஜி.பி. நினைவகம், என்னிடம் 8 இருக்கிறது. ஆனால் இன்டெல் சில்லு என்றால் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு ஏற்பாடும் வேண்டும். என்னுடையது 2017 தொடக்கத்தில் வாங்கிய ஏழாம் தலைமுறை. சில மாதம் பொறுத்திருந்தால் எட்டு வந்திருக்கும். தோட்டத்திலேயே பிறந்து, தோட்டத்திலேயே பால்மரம் வெட்டி, கடைசிவரை குடியுரிமை கிடைக்காமல் சிவப்பு அடையாள அட்டையோடு அலைந்த கிழவர்களை நம் சனம் பார்த்திருக்கிறது. இந்தக் கம்ப்யூட்டர் அந்த வரிசையில் போய் நின்றுகொண்டது. உடம்பில் ஒரு குறையும் இல்லை, பத்திரம்தான் சரியில்லை. அமைப்புகளைக் கணக்கோடு இணைத்துச் சேமித்தால் விண்டோஸ் 10க்கே 2026 அக்டோபர்வரை பாதுகாப்புத் திருத்தங்கள் தருகிறார்கள். அது தற்காலிக பெர்மிட் மாதிரி, எனக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

அக்காள் மகன் பார்த்துவிட்டு, "லினக்ஸ் மின்ட் போட்டுர்லாம் மாமா" என்றான். பத்து வெள்ளி பெண்டிரைவில் கொண்டுவந்தான். சாவி கேட்கவில்லை, தலைமுறை கேட்கவில்லை, 2 ஜி.பி. இருந்தாலே போதுமாம். மொழிப் பட்டியலில் தமிழ் தன் சொந்தப் பெயரோடு இருந்தது. ஒரு தே தாரேக் குடித்து முடிப்பதற்குள் வேலை முடிந்தது.

பக்கத்தில் நாற்காலியைப் போட்டு என் மச்சான் பார்த்துக்கொண்டிருந்தார். இ.பி.எஃப். ரசீதில் மோட்டார்சைக்கிள் வாங்கியவர்.

"எவ்வளவு?"

"சும்மாதான் மச்சான். உலகத்துல யாரு வேணும்னாலும் எடுத்துக்கலாம்."

குரலைத் தாழ்த்தி, அக்காள் மகனிடம் கேட்டார்: "ஏன் தம்பி, சும்மா குடுக்கறான்னா இது கள்ள சி.டி.தானே? அமைச்சுக்காரன் வந்தா மாமாவுக்கு ஏதும் பிரச்சினை வராதே?"