திண்டிவனத்துக்கு டிக்கெட்டு எடுத்த பையன்

இன்னா தம்பி, கையில கட்டியிருக்கறது கடிகாரமா, நாடி புடிக்கிற வைத்தியரா? ரெண்டும்னு சொல்றியா! அப்பப்போ 'டிர்ர்'னு அதிர்ந்து, மூச்சை இழுத்து விடுன்னு ஞாபகப்படுத்துதாமே. நல்ல காலம்டா. எங்க ஆயா தொண்ணூறு வயசு வரைக்கும் யாரும் சொல்லாமலே மூச்சு விட்டுச்சு.

உக்காரு. டீ சொல்லியிருக்கேன். மெட்ராசுலேருந்து அமைதி தேடி திருவண்ணாமலைக்குக் கெளம்பினியாக்கும். திண்டிவனத்துல செஞ்சி ரோட்டுல திரும்பணும். போனை நோண்டிகினே வந்து, கூட்டேரிப்பட்டுல நின்னு வழி கேக்கற. வழி தெரியறதுக்குத்தானே அந்தப் போனு?

வண்டிக்குள்ள இன்னா அது, சுருட்டி வச்ச பாயி? அதுக்குத் தனி மெத்தை வேற. கண்ணை மூடச் சொல்லவும் தொறக்கச் சொல்லவும் போனுக்குள்ள ஒரு ஆளு. அவனுக்கு மாசச் சந்தா. சும்மா உக்கார்றதுக்குக் காசு கட்டுற காலம் வரும்னு எங்கப்பன் கனாவுலகூட கண்டிருக்க மாட்டான்.

உன்னாட்டம் ஒருத்தன் முன்னாடியும் அங்க கெளம்பினான். 1896, ஆகஸ்ட் 29. மதுரையில படிச்சிகினு இருந்த பதினாறு வயசுப் பையன். பேரு வேங்கடராமன். அண்ணனுக்குக் காலேஜ் பீசு கட்ட வச்சிருந்த அஞ்சு ரூபாயில மூணை எடுத்துக்கினான். மிச்சத்தை சீட்டு எழுதி வச்சிட்டுப் போனான். பழைய அட்லசைப் பாத்து, திருவண்ணாமலைக்குக் கிட்டத்துல இருக்கறது நம்ம திண்டிவனந்தான்னு அதுக்கு டிக்கெட்டு எடுத்தான். ரயில்ல ஒரு மௌல்வி, விழுப்புரத்துல எறங்கி வேற வண்டி மாறணும்டான்னு வழி சொன்னாரு. எறங்கிட்டான். இல்லாங்காட்டி நம்ம மயிலம் ஸ்டேஷனத் தாண்டித்தான் போயிருப்பான். நமக்குக் குடுத்து வக்கல.

கையில இருந்த காசு மாம்பழப்பட்டு வரைக்குந்தான் வந்துச்சு. அங்கேருந்து நடை. அறையணிநல்லூர் கோயில், கீழூர். காதுக் கடுக்கனை நாலு ரூபாய்க்கு அடகு வச்சான். வாங்கின ரசீதைக் கிழிச்சிப் போட்டான் பாரு, அங்கதான் எனக்குப் புல்லரிக்கும். மூட்டப்போற எண்ணம் இருந்தாத்தானே ரசீது? நாம அப்படியா? சாமி கும்புடப் போனாலும் ரசீது பத்திரம். வேண்டுதல் பலிக்கலன்னா கேக்கணுமில்ல!

செப்டம்பர் 1ஆந் தேதி அண்ணாமலை போய்ச் சேர்ந்தான். 1950ல கண்ணை மூடற வரைக்கும் அந்த ஊரை விட்டு நகரல. அவருதான் ரமணர். ஆரம்பத்துல கோயிலுக்குள்ள பாதாள லிங்கத்துக்கிட்ட பூச்சி கடிச்சுத் தொடை புண்ணானதுகூடத் தெரியாம உக்காந்திருந்தாரு. அதை மட்டும் கேட்டுக்கினு நீ பாய் வாங்கற. பின்னாடி இன்னா செஞ்சாரு தெரியுமா? ஆசிரமம் வந்தப்புறம், பொழுது விடியறதுக்கு முன்னாடி அடுப்பங்கரையில உக்காந்து காய் நறுக்கினாரு, சட்னி அரைச்சாரு. குடும்பத்தை விட்டுட்டு வந்துடறேன் சாமின்னு நின்னவங்களை, போய் வேலையப் பாருன்னாரு. உலகமே மௌனத்துக்காகத் தேடி வந்த மனுஷன் கத்திரிக்கா காம்பு கிள்ளிகினு இருந்தாரு. இது எந்தச் சந்தாவுல வரும்?

நான் பெரிய யோக்கியன்னு நெனைக்காத. மயிலத்து மலையில கண்ணை மூடி நிப்பேன். உள்ள மல்லாட்டை மூட்டை விலை ஓடும். முருகா, இந்த வருசமாவது நல்ல விலை குடுன்னு வாயி பேரம் பேசும். அம்மாம் பெரிய கோயில்ல நிக்கறேன், மனசு மார்க்கெட் கமிட்டியில நிக்குது.

ஆனா தோ, கூட்ரோட்டுல பூ கட்டுதே அந்தம்மா, அதைப் பாரு. லாரிக்காரன் ஆரன் அடிக்கறான். கண்டக்டர் கத்தறான். மொழத்துக்கு எவளோன்னு ஒருத்தி சண்டை புடிக்கறா. அந்தம்மா விரல் பாட்டுக்கு நாரைச் சுத்துது, உதடு 'முருகா'ங்குது. கேக்கறவளுக்கு ரெண்டு கண்ணி சேத்தே அறுத்துக் குடுக்கும். ஒரு நாள் கேட்டேன், எப்படிம்மா இந்தச் சத்தத்துலன்னு. "எந்தச் சத்தம்ணே?"ன்னுச்சு. அதுக்கு மேல நான் இன்னாத்தைக் கேக்கறது?

சரி, வந்ததே வந்துட்ட. அண்ணாமலை எங்கயும் போயிடாது. மயிலம் பக்கத்துலதான், மலையேறிட்டு வா. சூரபத்மன் மயிலாவணும்னு தவம் கெடந்த எடம்னு சொல்லுவாங்க. அவனும் பாய் எடுத்துக்கினு வந்ததா யாரும் சொல்லல.

போனை வண்டியில போடு. கடிகாரத்தைக் கழட்டி இப்படிக் குடு, நான் பத்திரமா கட்டிக்கறேன். கொல்லையில மல்லாட்டை ஆயற வேலை கெடக்கு. நீ திரும்பி வர்றதுக்குள்ள எத்தினி மூச்சு விட்டேன்னு அதுலயே பாத்துக்க.

அந்த சார்ஜரையும் குடுத்துட்டுப் போ.