இத்தாலியில் ஒரு குன்றுதோறாடல்

அட்டவணையை மேஜைமேல் விரித்து வைத்தேன். என் மனைவி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தாள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“இங்கெல்லாம் விஞ்ச் இருக்கா?”

வருடம் தவறாமல் பழனிக்குப் போகும் குடும்பத்தில் பிறந்தவள் அவள். படி, யானைப்பாதை, விஞ்ச், ரோப் கார் என்று நான்கு வழியிலும் ஏறிப் பார்த்தவள். முழங்கால் வலி வந்த பிறகு, ஒரு மலைமேல் யார் இருக்கிறார் என்பதைவிட, அங்கே எப்படிப் போய்ச் சேருவது என்பதுதான் அவளுக்கு முதல் கேள்வி.

நானோ முப்பத்திரண்டு வருடம் தணிக்கை வேலையில் கட்டம் போட்டே காலம் தள்ளியவன். ஓய்வு பெற்ற பிறகும் கட்டம் போடாவிட்டால் எனக்குச் சாப்பாடு செரிக்காது. பத்து நாளில் பதினான்கு ஊர்: ரோம், ஓர்வியத்தோ, சிவித்தா, பெருஜியா, அசிசி, குப்பியோ, கொர்த்தோனா, மொந்தேபுல்சியானோ, பியென்சா, சியெனா, வொல்த்தேரா, சான் ஜிமிஞானோ, பிளாரன்ஸ், வெனிஸ். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். சாப்பிட நாற்பது நிமிடம். வியந்து நிற்கப் பதினைந்து நிமிடம். இதில் விஞ்சுக்கு மட்டும் கட்டம் இல்லை.

“அதெல்லாம் சின்னச் சின்ன மேடு” என்றேன். வரைபடத்தில் அப்படித்தான் தெரிந்தது. காகிதத்தில் எல்லா ஊரும் தரையோடு தரையாகத்தானே இருக்கிறது!

ரயில் நேரம் பார்க்க உட்கார்ந்தபோதுதான் முதல் சந்தேகம் வந்தது. அசிசிக்கு ஸ்டேஷன் இருக்கிறது. ஆனால் அது மலைக்குக் கீழே வேறொரு ஊரில். வொல்த்தேராவுக்கான ஸ்டேஷனும் அடிவாரத்தில், சில கிலோமீட்டர் தள்ளி. சான் ஜிமிஞானோவின் பெயரைத் தன் பெயரோடு ஒட்டிக்கொண்ட ஸ்டேஷன், பொஜ்ஜிபொன்சி என்ற பக்கத்து ஊரில் இருக்கிறது. இறங்கி பஸ் பிடிக்கவேண்டும். கொர்த்தோனாவுக்கு இரண்டு ஸ்டேஷன், இரண்டும் கீழேயே. கொடைக்கானல் ரோடு ஸ்டேஷனில் இறங்கி, ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு, “ஏரி எந்தப் பக்கம்?” என்று கேட்டவனின் கதைதான். ஒரு தேசம் முழுக்க கொடைரோடு ஸ்டேஷன்களாகக் கட்டி வைத்திருக்கிறார்கள்!

அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. இந்த ஊர்களில் பல, ரோமாபுரிக்கும் முந்திய எத்ருஸ்கர்கள் குடியேறியவை. பள்ளத்தாக்கில் மலேரியா, பாதையில் எதிரிப் படை. அதனால் உச்சியில் போய் உட்கார்ந்து சுற்றிலும் மதில் எழுப்பிக்கொண்டார்கள். வருகிறவன் பாதி வழியிலேயே மூச்சு வாங்கித் திரும்பிப் போகவேண்டும் என்பதற்காகவே தேர்ந்தெடுத்த இடங்கள். அங்கேதான் நான் இருபத்துமூன்று கிலோ பெட்டியோடும், முழங்காலில் பட்டை கட்டிய மனைவியோடும் படையெடுக்கத் திட்டம் போட்டிருக்கிறேன்.

“கார் எடுத்துருங்க மாமா” என்றான் மச்சினன். இரண்டு வருடம் முன்பு போய்வந்தவன். ரொம்ப வசதி என்று அவன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவன் மனைவி உள்ளே போய் ஒரு காகிதத்தை எடுத்து வந்தாள். இத்தாலியில் பழைய ஊர்களின் நடுப்பகுதிக்குள் வெளியார் வண்டி நுழையக்கூடாது. வாசலில் ஒரு பலகை இருக்கும்: சிவப்பு வளையம், நடுவே வெறும் வெள்ளை. உள்ளே ஒன்றுமே எழுதவில்லையே, அப்படியானால் ஒன்றுக்குமே தடையில்லை என்று மச்சினன் பொருள்கொண்டிருக்கிறான். ஹோட்டலைத் தேடி அந்த வாசலில் நான்கு முறை நுழைந்திருக்கிறான். நான்கு முறையும் கேமரா அவன் நம்பரைக் குறித்துக்கொண்டது. ஊர் திரும்பி, போட்டோவெல்லாம் எல்லோருக்கும் காட்டி முடித்து, பயணமே மறந்துபோன ஒரு நாளில் அபராதம் தபாலில் வந்தது. நான்கு தனித்தனி உறைகள்.

“ஊர் ரொம்ப அழகு மாமா” என்றான் மச்சினன், குரல் சற்றுத் தணிந்து.

காரை அட்டவணையிலிருந்து அடித்தேன்.

அடுத்தது விசா. எனக்கென்றே உருவாக்கிய ஏற்பாடு அது. எந்த இரவு எந்த ஊரில் தலை சாய்ப்பீர்கள் என்று நாள்வாரியாக எழுதிக் கேட்கிறார்கள். முப்பத்திரண்டு வருடம் மற்றவர்களிடம் நான் கேட்ட கேள்வி! உற்சாகமாகப் பதினான்கு ஊருக்கும் நிரப்பினேன். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடும் எடுக்கவேண்டும் என்று வாசித்தேன்.

“அந்தக் காசுல இங்கேயே ரெண்டு முழங்காலையும் மாத்திக்கலாமே!” என்றாள் மனைவி.

அது நமக்குத் தரும் பணமில்லை என்று விளக்கினேன். அவள் நம்பவில்லை.

இதற்குள் ஒரு பஞ்சாங்கமும் தேவைப்பட்டது. இத்தாலிக்கும் ராகுகாலம், எமகண்டம் எல்லாம் உண்டு. திங்கட்கிழமை பிளாரன்ஸில் உஃபீசி காட்சிக்கூடம் மூடல். மைக்கேலாஞ்சலோவின் டேவிட் நிற்கும் கூடமும் மூடல். ஞாயிறன்று, மாதக் கடைசி ஞாயிறு நீங்கலாக, வாடிகன் அருங்காட்சியகம் மூடல். சின்ன ஊர்களில் மதியம் கடைகள் கதவைச் சாத்திக்கொள்ளும். இரவுச் சாப்பாடு ஏழு, ஏழரைக்கு முன்னால் கிடைக்காது. ஆகஸ்ட் 15-ல் தேசமே விடுமுறையில் போய்விடும். போதாக்குறைக்கு ரயில் வேலைநிறுத்தம். அதை முன்கூட்டியே அறிவித்து, வேலை நாட்களில் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் சில ரயில்களை ஓடவிடுவார்கள். வேலைநிறுத்தத்துக்கே கால அட்டவணை போடும் நாட்டின்மேல் எனக்கு மரியாதை பிறந்தது. ஆனால் திங்களையும் ஞாயிறையும் மதியத்தையும் கழித்துப் பார்த்தால், என் பதினான்கு ஊருக்கும் மிச்சமிருந்தது சுமார் நான்கு நாள்.

அன்றிரவு அட்டவணை கைமாறியது.

மனைவி பேனாவை வாங்கி வலதுபக்க ஓரத்தில் ஒரு கோடு கிழித்து, மேலே ‘விஞ்ச்’ என்று எழுதினாள். “ஒவ்வொரு ஊரா சொல்லுங்க.”

“ஓர்வியத்தோ.”

இருந்தது! ரயில் ஸ்டேஷன் வாசலிலிருந்தே மேலே இழுத்துப் போகும் ரயில், அசல் பழனி விஞ்ச் மாதிரி. 1888-ல் தண்ணீர் எடையால் ஓடத் தொடங்கிய வண்டி, இப்போது மின்சாரத்தில். அவள் முகத்தில் முதன்முறையாக இத்தாலி மலர்ந்தது. நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். மேலே ஒரு கிணறு இருக்கிறது என்று சொல்லித் தொலைத்தேன். 1527-ல் ரோம் சூறையாடப்பட்டபோது தப்பி வந்த போப் ஏழாம் கிளெமென்ட், முற்றுகை வந்தால் தண்ணீருக்கு வேண்டுமென்று வெட்டச் சொன்னது. இறங்க ஒரு சுழற்படி, ஏற ஒரு சுழற்படி. தண்ணீர் சுமக்கும் கோவேறு கழுதைகள் ஒன்றையொன்று முட்டிக்கொள்ளாமல் போய்வரலாம். 248 படி.

“மலை ஏறுனது போதாதுன்னு கிணத்துக்குள்ள வேற இறங்கணுமா? அது கழுதைக்குன்னு கட்டினது. நீங்க போயிட்டு வாங்க.”

பெருஜியா தேறியது. அடிவாரத்திலிருந்து ஓட்டுநர் இல்லாத குட்டி ரயில். இன்னொரு பக்கம் நகரும் படிக்கட்டு. அந்தப் படிக்கட்டு போகும் வழிதான் விசேஷம். 1540-ல் உப்பு வரியை எதிர்த்து ஊர் கிளம்ப, போப் மூன்றாம் பால் அதை அடக்கி, வீடுகளுக்கும் தெருக்களுக்கும் மேலேயே ஒரு கோட்டையைக் கட்டிவிட்டார். புதைந்த அந்தத் தெருக்களின் ஊடாகத்தான் இன்று படிக்கட்டு நகர்கிறது. அந்த வரிக் கோபத்தில்தான் அங்கே இன்றைக்கும் ரொட்டியில் உப்புப் போடுவதில்லை என்று ஒரு கதை உண்டு. ஊறுகாய்க்கு ஒரு கட்டம் சேர்ந்தது.

சியெனாவிலும் ஸ்டேஷனிலிருந்து நகரும் படிக்கட்டு. அங்கே ஜூலை 2-லும் ஆகஸ்ட் 16-லும் நடக்கும் பாலியோ பந்தயத்தில் சவாரி செய்பவன் விழுந்துவிட்டாலும் குதிரை தனியாக ஓடி ஜெயிக்கலாம் என்றேன். “நம்ம வீட்டுலயும் அப்படித்தான் நடக்குது” என்றாள்.

மற்றவை வரிசையாக விழுந்தன. சிவித்தாவுக்குச் செங்குத்தான நடைபாலம் ஒன்றே வழி, அதற்கும் கட்டணம். “ஏறுறதும் நாம, காசும் நாமளா?” சான் ஜிமிஞானோவில் பணக்காரக் குடும்பங்கள் போட்டி போட்டுக் கட்டிய 72 கோபுரங்களில் 14 இன்னும் நிற்கின்றன. “பக்கத்து வீட்டுக்காரன் மாடி கட்டுறதை இங்கேயே தினம் பாக்கறேன்.” பிளாரன்ஸ் பேராலயக் குவிமாடத்துக்கு 463 படி, லிஃப்ட் கிடையாது. கிணற்றின் 248-ஐயும் சேர்த்துக் கூட்டினாள்: 711. “பழனியே ஏறக்குறைய அவ்வளவுதான். கோபுர தரிசனம் கோடி புண்ணியம். கீழ நின்னு பாத்தா போதும்.” பிளாரன்ஸ், சியெனாவிலிருந்து ஒருநாள் பயணமாகச் சுருங்கியது. மலையே இல்லாத ஊராயிற்றே என்று வெனிஸை நீட்டினேன். நானூறுக்கு மேல் பாலம், பெரும்பாலும் எல்லாவற்றிலும் படி. அடித்தாள்.

பியென்சாவுக்காக மட்டும் மன்றாடினேன். போப் இரண்டாம் பயஸ், தான் பிறந்த குக்கிராமத்தை 1459-லிருந்து ஒரு மாதிரி நகரமாக மாற்றினார். கட்டியவர் ரோசெல்லினோ. செலவு மதிப்பீட்டைப் பல மடங்கு தாண்டியது. கூப்பிட்டனுப்பிய போப், உண்மைக் கணக்கைச் சொல்லியிருந்தால் நான் இதைக் கட்டியே இருக்கமாட்டேன் என்று சொல்லி, பொய்க்காக அவரைப் பாராட்டிப் பரிசும் கொடுத்தாராம். தணிக்கைக்காரன் நெஞ்சை உலுக்கும் வரலாறு!

“இந்தக் கதையை இப்ப ஏன் சொல்றீங்க?” என்றாள். “நம்ம பயணச் செலவு உண்மையில எவ்வளவு?”

பியென்சாவை நானே அடித்தேன்.

மிஞ்சியது: ரோம் மூன்று இரவு, ஓர்வியத்தோ இரண்டு, பெருஜியா மூன்று, சியெனா இரண்டு. விசாத் தாளை முதலிலிருந்து எழுதினேன். பெருஜியாவில் ஒருநாள் மிச்சம் இருந்தது. மெதுவாக, “குப்பியோ” என்றேன். “பஸ்ஸிலேயே போகலாம். அங்கே ரோப் கார்கூட இருக்கு.”

படத்தை வாங்கிப் பார்த்தாள். ஆளுயரக் கம்பிக் கூண்டு. இரண்டு பேர் நின்றுகொண்டே போகவேண்டும். கூண்டு நிற்காது, ஓடுகிற கூண்டுக்குள் நாம்தான் ஏறிக்கொள்ளவேண்டும்.

“கிளிக்கூண்டுல்ல இது? மேல போய் நாம சீட்டு எடுக்கணுமா?”

கடைசி அஸ்திரத்தை எடுத்தேன். அந்த ஊரில் ஒரு நீரூற்று இருக்கிறது. அதை மூன்று முறை ஓடிச் சுற்றி, உள்ளூர்க்காரர் ஒருவர் முன்னிலையில் அந்தத் தண்ணீரைத் தெளித்துக்கொண்டால், ‘பைத்தியக்காரர்’ என்று உங்கள் பெயர் போட்டுச் சான்றிதழே தருவார்கள். நவக்கிரகத்தை ஒன்பது சுற்று சுற்றும் நமக்கு மூன்று சுற்று ஒரு பொருட்டா?

கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு குப்பியோவுக்கு எதிரே, விஞ்ச் கட்டத்தில், ஒரு சரி போட்டாள்.

“போகலாம். ஆனா நீங்க ஓட வேண்டாம், மூச்சு வாங்கும். அந்தப் பதினாலு ஊர் அட்டவணையைக் கையில எடுத்துக்கங்க. பாத்தாலே குடுத்துடுவாங்க.”