மூன்றாவது மாடி விவசாயம்: முழுமையான வழிகாட்டி

சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு வாங்கியாயிற்று. வாஷிங் மெஷின், ஏ.சி.யின் வெளி யூனிட், துணிக் கொடி, யாரும் ஓட்டாத சைக்கிள் இவையெல்லாம் போகப் பால்கனியில் மிஞ்சும் இடத்துக்குத் தோட்டம் என்று பெயர். இதில் வெற்றி பெற முதலில் செய்ய வேண்டியது யூடியூபில் வீடியோ பார்ப்பது. ஊட்டியிலோ பெங்களூரிலோ எடுத்ததாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். செடிகள் அதில்தான் பசேலென்று இருக்கும்.

பார்த்த கையோடு நர்சரிக்குப் போய் ரோஸ்மேரியும் தைமும் கேட்ட விலை கொடுத்து வாங்குங்கள். இரண்டும் மத்தியதரைக் கடலோரத்துச் செடிகள். வறண்ட காற்றும் இரவில் கொஞ்சம் குளிர்ச்சியும் இருந்தால் போதும், வேறொன்றும் கேட்காது. மே மாதத்துச் சென்னையில் விடியற்காலையில்கூட வெப்பம் 28 டிகிரிக்குக் கீழே இறங்கத் தயங்கும். காற்றைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும். ஆகவே பாஸ்தா செய்து படமெடுத்துப் போடுவதாக இருந்தால் வாங்கிய வாரமே முடித்துவிடுங்கள். தள்ளிப்போட்டால் காய்ந்த ரோஸ்மேரிதான் கிடைக்கும். அதையும் கடையில் பாட்டிலில் அடைத்து நல்ல விலைக்கு விற்கிறார்கள் என்பதால் நஷ்டம் என்று சொல்லிவிட முடியாது.

அதற்குப் பதில் கற்பூரவல்லி வைக்கலாமே என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். கேட்காதீர்கள். ஒரு குச்சியை ஒடித்து நட்டால் பிழைத்துக்கொள்ளும், தண்ணீர் ஊற்ற மறந்தாலும் கோபித்துக்கொள்ளாது, சளிக்குக் கஷாயமும் மழை நாளில் பஜ்ஜியும் தரும். இவ்வளவு சுலபமாக வளர்வதை வளர்த்தோம் என்று யாரிடம் பெருமைப்படுவது?

அடுத்தது வெயில். வீடு வாங்கும்போது வாசல் எந்தத் திசை என்று ஜோசியரிடம் கேட்டிருப்பீர்கள். பால்கனி எந்தத் திசை என்று யாரும் கேட்பதில்லை. தெற்குப் பார்த்த பால்கனிக்கு மார்கழியில் நாள் முழுக்க வெயில் உண்டு. சித்திரை பாதியிலிருந்து ஆடி முடியும்வரை உச்சிப்பொழுதுச் சூரியன் சென்னைக்கு வடக்கே நகர்ந்துவிடுவதால், வருஷம் முழுக்க நிழலில் கிடந்த வடக்குப் பால்கனிக்கு வெயில் வந்து சேரும். சரியாக அக்னி நட்சத்திரத்தையும் உள்ளடக்கி. நிழல் செடி என்று சொல்லி விற்ற செடியெல்லாம் அப்போதுதான் கருகும். நர்சரிக்காரரைக் குறை சொல்லாதீர்கள். வாங்கும்போது அது நிழலில்தான் இருந்தது.

தண்ணீர் விஷயத்தில் பாசமே முக்கியம். காலையில் நீங்கள் ஊற்றுங்கள். அதைச் சொல்லாமல் ஆபீஸ் போய்விடுங்கள். பத்து மணிக்கு மாமியார் ஊற்றுவார். சாயங்காலம், இலை வாடியிருக்கிறதே என்று பிள்ளை ஊற்றும். வேர் அழுகினாலும் இலை வாடத்தான் செய்யும் என்பதால் இந்தத் தொண்டு தடையின்றித் தொடரும். மண்ணுக்குள் விரலை விட்டு ஈரம் பார்த்தால் போதும் என்று சில கஞ்சர்கள் சொல்வதுண்டு. ஆர்.ஓ. இயந்திரம் கழிக்கும் தண்ணீரையும் வீணாக்காமல் தொட்டியில் விடுங்கள். வடிகட்டிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. சில மாதங்களில் தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூத்துவிடும். வேறு எது பூக்காவிட்டாலும் அது பூக்கும். ஏ.சி.யிலிருந்து சொட்டுவது உப்பில்லாத தண்ணீர், செடிக்கு ஏற்றது. அது வழக்கம்போலக் கீழ்வீட்டுத் துணியில் விழட்டும்.

தொட்டிக்கு அடியில் தட்டு வைக்க மறக்க வேண்டாம். அந்தத் தெளிந்த தண்ணீரில் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு ஒன்றரை வாரத்துக்குள் முட்டையிலிருந்து முழு வளர்ச்சி அடைந்துவிடும். பால்கனியில் நிச்சயமான மகசூல் என்று சொன்னால் இதுதான். மாநகராட்சி ஊழியர் டார்ச் அடித்துப் பார்க்கும்போது "நேத்துதாம்மா ஊத்தினேன்" என்று சொல்ல வேண்டும். அவர் இதைக் கேட்பது முதல் தடவை அல்ல.

வீட்டுக்குள்ளே வைக்கும் செடிகள் காற்றைச் சுத்தம் செய்யும் என்பது வாட்ஸ்அப்பில் நிரூபிக்கப்பட்ட விஷயம். 1989-இல் நாசா வெளியிட்ட ஆய்வறிக்கை ஒன்றுதான் இதற்கு மூலம். அந்தச் சோதனை நடந்தது சிறிய, இறுக மூடிய பெட்டிகளுக்குள். நிஜ வீட்டில் சாதாரணமாக வந்துபோகும் காற்று செய்கிற வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமானால், சதுர மீட்டருக்கு 10 முதல் 1,000 செடிகள்வரை தேவை என்று 2019-இல் வெளிவந்த ஒரு மறு ஆய்வு கணக்குப் போட்டது. குறைந்த கணக்கை எடுத்தாலும் ஆயிரம் சதுர அடி வீட்டுக்கு 900 தொட்டிக்கு மேல். வைத்து முடித்தபின் நீங்கள் படுக்கப் பால்கனி இருக்கிறது. மணி பிளாண்டை மட்டும் காசு கொடுத்து வாங்கக் கூடாது; திருடினால்தான் பணம் கொட்டும் என்பது ஐதீகம். எதிர்வீட்டில் கேட்டால் கொடுத்துவிடுவார்கள். ஆகவே கேட்காமல் இருப்பது அவசியம்.

கொத்தமல்லிக்கு: விதையை இரண்டாக உடைத்து, தூவி, முளைத்ததும் பூ வந்துவிட்டதே என்று வருந்துங்கள். கோடையில் அது அப்படித்தான்.

இனி கறிவேப்பிலை. தமிழன் பால்கனியின் லட்சியமே இதுதான். பெரிய தொட்டி, செம்மண், மண்புழு உரம், வாரம் ஒருமுறை புளித்த மோர் என்று வீட்டில் யாருக்கும் நடக்காத உபசாரம் இதற்கு நடக்கும். அப்படியும் மாதக்கணக்கில் நாலே ஈர்க்கோடு நிற்கும். பிறகு ஒருநாள் செம்பழுப்பு நிறத்தில் துளிர் விடும். சமையலறையில் சொல்லிவிடாதீர்கள், தாளிக்கக் கிள்ளிவிடுவார்கள். ஆனால் கறிவேப்பிலை எலுமிச்சைக் குடும்பத்துச் செடி என்பது உங்களுக்குத் தெரியாவிட்டாலும் வண்ணத்துப்பூச்சிக்குத் தெரியும். துளிரில் கடுகைவிடச் சிறிய வெளிர்மஞ்சள் முட்டை ஒன்றை ஒட்டிவிட்டுப் போகும். சில நாளில் இலைமேல் காக்கை எச்சம் போல ஒன்று கிடக்கும். பழுப்பில் வெள்ளை திட்டாக, ஈரப் பளபளப்போடு. ஈர்க்குச்சியால் தட்டிவிடப் போவீர்கள். எச்சம் தலையைத் தூக்கும். தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக இரண்டு கொம்பு நீளும். கூடவே குப்பென்று ஒரு நாற்றம். கொஞ்ச நாளில் அது பச்சைப் புழுவாகி, சுண்டுவிரல் நீளத்துக்கு வளர்ந்து, ஈர்க்கை மட்டும் விட்டுவைக்கும்.

வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து, லிட்டருக்கு 5 மில்லி வீதம், சாயங்காலம் தெளித்தால் இவையும் செம்பருத்தியின் மாவுப்பூச்சியும் கட்டுப்படும். தெளிப்பதற்குள் பிள்ளைகள் புழுவுக்குப் பெயர் வைத்துவிட்டிருந்தால் வழி ஒன்றுதான்: விட்டுவிடுங்கள். கூட்டுப்புழுவாகி இரண்டு வாரத்துக்குள் பின்னிறக்கையில் வெள்ளைப் புள்ளி வரிசையோடு கறுப்பு வண்ணத்துப்பூச்சி வெளியே வரும். அதையாவது படம் எடுத்துப் போடலாம். ரசத்துக்குக் கறிவேப்பிலை வேண்டுமென்றால் தெருமுனைக் காய்கறிக் கடைக்குப் போங்கள். அரைக் கிலோ தக்காளி வாங்கினால் கொசுறாகவே தருவார்கள்.