அரைமண்டியில் எடுத்த அளவு

பரதநாட்டிய உடையின் முன்பக்க மடிப்பு விசிறிக்கு, ஆடுகிறவளை நிற்கவைத்து அளவெடுக்கக் கூடாது. கும்பகோணத்தில் என் அத்தை இதில் அசைந்தே கொடுக்கமாட்டார். அது எழுபதுகளின் கடைசி. அரங்கேற்றத்துக்கு உடை தைக்க வரும் பெண்ணை, "அரைமண்டி போடு கண்ணு, முட்டியை நல்லாத் திருப்பு" என்பார். முட்டிகளை வெளிப்பக்கம் திருப்பிப் பாதி உட்காரும் நிலைதான் அரைமண்டி. அப்புறம்தான் டேப்பைக் கையில் எடுப்பார். விசிறியின் இரண்டு ஓரங்களும் பைஜாமாவின் இரண்டு கால்களோடு சேர்த்துத் தைக்கப்படுகின்றன. முழங்கால்கள் விலகும்போது மடிப்புகள் திறக்கும். துணி குறைந்தால் காலை இழுத்துப் பிடிக்கும். கூடினால் தொளதொளவென்று தொங்கும்.

ஓர் அங்குல மடிப்பு மூன்று அங்குலத் துணியை விழுங்கும். இடுப்பைச் சுற்றி முழுக்க மடிப்பு வைத்த பாவாடை என்றால், 24 அங்குல இடுப்புக்கு 72 அங்குலம், அதாவது இரண்டு கஜம் வேண்டும். பட்டுப்புடவையில் அத்தை கத்தரி வைக்கும்போது அந்தப் பெண்ணின் அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். கரை கோணாமல் கீழ் விளிம்பில் ஒரே நேராக வர வேண்டும். ஒவ்வொரு மடிப்பையும் விரலால் நீவி, ஓட்டுத்தையல் போட்டு, ஈரத்துணி விரித்து, கரிப்பெட்டியால் தேய்ப்பார். மேடையேறும் நாள்வரை அந்த நூலைப் பிரிக்க விடமாட்டார்.

இப்போது ஆர்ட் சில்க்கில் மடிப்பு வைத்து, எலாஸ்டிக்கும் வெல்க்ரோவும் பொருத்தி, கடையில் தயாராகத் தொங்குகிறது. இதை நான் பழிக்கவில்லை. பாலியெஸ்டர் சூட்டில் வாங்கிய மடிப்பை எளிதில் விடாது. பட்டோ வியர்வை பட்டாலே தளர்ந்துவிடும். ஒரு காஞ்சிபுரம் புடவையை வெட்ட வசதியில்லாத வீட்டுப் பிள்ளையும் இன்று மேடையில் பளிச்சென்று நிற்கிறாள். அது பெரிய காரியம்.

"சம்பிரதாய உடையெல்லாம் போச்சே" என்று அங்கலாய்ப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தைத்த உடையே அப்படியொன்றும் பழையதல்ல. நடனக் கலைஞர் ருக்மிணி தேவி அடையாறு தியாசாபிகல் சொசைட்டியில் 1935இல் மேடையேறிய காலத்தில்தான் அது உருவானது. கோயில் சிற்பங்களைப் பார்த்து அவர் யோசித்ததைத் துணியில் கொண்டுவர உதவியவர் மேடம் காஸான் என்ற இத்தாலியப் பெண்மணி. இன்னொரு நடனக் கலைஞரான பாலசரஸ்வதியோ பைஜாமாவுக்கு மேல் புடவை கட்டி ஆடினார். புடவையைக் கட்டியவர்களுக்கு அன்று தையல் புதுமை. தைத்தவர்களுக்கு இன்று வெல்க்ரோ புதுமை.

என் மனசு ஆறாதது வேறொன்றுக்காக. கடையில் ஸ்மால், மீடியம், லார்ஜ் என்று கேட்கிறார்கள்; உட்கார்ந்து காட்டு என்று யாரும் சொல்வதில்லை. ஒரே உயரமுள்ள இரண்டு பெண்களின் அரைமண்டி ஒன்றாக இருக்காது. ஒருத்திக்கு இடுப்பு நன்றாகத் திறக்கும், இன்னொருத்திக்கு அவ்வளவு வராது. மீடியம் விசிறி இருவருக்கும் ஒரே அளவுதான் விரியும். நன்றாக உட்காருகிறவளின் உழைப்பை அந்தத் துணி மறைத்துவிடுகிறது. பல வருஷம் முட்டி வலிக்கப் பழகியதை உடை காட்ட வேண்டாமா?

அதனால் என் தங்கை பேத்திக்கு நானே தைக்கிறேன். மடிப்பை மெஷினில் அழுத்தி வாங்கிக்கொள்கிறேன், வெல்க்ரோவும் வைக்கிறேன். ஆனால் அவள் நாட்டிய வாத்தியார் சொல்லும் ஜதிக்கு உட்கார்ந்து எழுந்து, உடம்பு சூடேறிய பிறகுதான் அளவெடுக்கிறேன்; அப்போது முட்டி இன்னும் ஒரு விரற்கடை கூடுதலாகவே திரும்புகிறது.