அருணாசலம் அடிவாரத்தில் ஸ்பெயின் புட்டி வந்தால்: சில யோசனைகள்

ரமணாசிரமம் பக்கம் மாடியை வாடகைக்கு விட்டிருப்பவர்களுக்கு இது என்றாவது ஒருநாள் நடக்கும். வருடா வருடம் குளிர்காலத்துக்கு வந்து தங்கும் பார்சிலோனாக்காரர், பழகிய உரிமையில் ஒரு சிவப்பு ஒயின் புட்டியை நீட்டுவார். விமானத்தில் வருகிறவர் இரண்டு லிட்டர் வரை சுங்க வரி இல்லாமல் கொண்டுவரலாம் என்பதால் வரும் வினை.

லேபிளில் 'பிரியோராத்' என்று இருந்தால் திகைக்காதீர்கள். "கர்னாச்சா அதிகமா, கரிஞேனா அதிகமா?" என்று கேட்டுவிடுங்கள். இரண்டும் திராட்சை வகைகள். பழச்சுவையும் போதையின் வேகமும் முதலாவதன் கொடை. புளிப்பும் அடர்நிறமும் இரண்டாவதன் கொடை. சில பண்ணைகளில் சிராவும் சேரும். அதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. செர்ரி வாசனை வருகிறது என்று அளக்க ஆரம்பித்தால் மாட்டிக்கொள்வீர்கள். நம் ஊர் பேக்கரியில் செர்ரி என்பது பெரும்பாலும் சர்க்கரைப் பாகில் ஊறிய களாக்காய்.

பேச்சை மலைப் பக்கம் திருப்புங்கள். அதில் நம்மை யாரும் அசைக்க முடியாது. பிரியோராத்தும் மொன்ட்சாந்த் என்ற மலையை ஒட்டிய நாடுதான். 12ஆம் நூற்றாண்டில் கார்த்தூசியத் துறவிகள் அங்கே ஸ்காலா தேய் மடத்தை நிறுவினார்கள். ஏணியில் தேவதூதர்கள் வானேறுவதை ஓர் இடையன் பார்த்த இடம் என்கிறது தலபுராணம். மௌனம் காத்த அந்தத் துறவிகள்தான் அங்கே திராட்சைக் கொடியையும் காத்தார்கள். 1835இல் அரசாங்கம் மடத்தைப் பிடுங்கிக்கொண்டது. நூற்றாண்டு முடிவதற்குள் ஃபில்லாக்ஸெரா பூச்சி வேர்களை முடித்தது.

மண்ணைப் பற்றியும் நாலு வார்த்தை வேண்டும். லிகொரேயா என்னும் கருஞ்சிலேட்டுப் பாறை அது. வெயிலில் மைக்கா மினுக்கும், தண்ணீர் நிற்காது. அடிதேடிப் போன வராகம் போலக் கொடியின் வேர் பாறைப் பிளவில் இறங்கிக்கொண்டே போகும். காய்ப்பு சொற்பம், சாறு கெட்டி. 1989இல் ரெனே பார்பியே, ஆல்வரோ பலாசியோஸ் முதலிய நண்பர்கள் கிராட்டாலோப்ஸ் கிராமத்தில் பழத்தை ஒன்றாகக் கொட்டி, ஒரே ஒயினாகச் செய்து, ஆளுக்கொரு லேபிள் ஒட்டி விற்றார்கள். நம் சந்தையில் இதற்கு வேறு பெயர் உண்டு. விருந்தாளி முன் 'கூட்டு முயற்சி' என்றே சொல்லுங்கள்.

"நம்ம கம்பம் பன்னீர் திராட்சையில ஆகாதா?" என்று மைத்துனர் குறுக்கிடுவார். 1832இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் மஸ்கட் ஹாம்பர்க் அது. 2023இல் புவிசார் குறியீடும் பெற்றுவிட்டது. வருடம் முழுக்கக் காய்க்கும். பிரியோராத்தில் வருடத்துக்கு ஒரே அறுவடை. அவசரக்காரர்களைக் கம்பத்துக்கு பஸ் ஏற்றிவிடலாம்.

அறை வெப்பத்தில் பரிமாறச் சொல்லும் புத்தகங்களை நம்பாதீர்கள். அவை சொல்லும் அறையில் 18 டிகிரி இருக்கும். கத்திரி வெயிலில் நம் பீரோ மேல் ஏறிய புட்டி கஷாயமாகத்தான் இறங்கும். கார்க் காயாமலிருக்க ஃபிரிட்ஜின் காய்கறித் தட்டில், முருங்கைக்காய்க்கு அடியில் படுக்கப் போடுங்கள். மாமியார் கேட்டால் வெளிநாட்டு வினிகர்.

மிளகாய் தூக்கலான குழம்போடு வேண்டாம். 14, 15 சதவீத ஆல்கஹால் காரத்துக்குத் தூபம் போடும். காரம் குறைத்த ஆட்டுக்கறி வறுவல் ஒத்துப்போகும். புட்டி புரட்டாசியில் வந்துசேர்ந்தால் அப்படியே படுத்திருக்கட்டும், ஐப்பசிக்குள் கெட்டுவிடாது. ஆனால் கார்த்திகையைத் தாண்டவிடாதீர்கள். தீபத்துக்கு வரும் சொந்தக்காரர்கள் முதலில் திறப்பது ஃபிரிட்ஜைத்தான்.