கருவறைச் சீதனம்

அரிவாள் செல் சோகையோடு பிறக்கும் குழந்தைகூட முதல் சில மாதம் நன்றாக இருக்குமாமே? புத்தூர் ஜி.ஹெச். வாசலில் பேசிக்கொண்டார்கள். அப்புறம் யார் கண் பட்டது, சார்?
*— வாசகர், புத்தூர், திருச்சி*

யார் கண்ணும் இல்லை. கருவறையிலிருந்து கொண்டுவந்த சீதனம் கரைந்துவிடுகிறது! அந்தச் சீதனம்தான் சிசு ஹீமோகுளோபின்; அது நிறைய இருக்கும்வரை சிவப்பணு அரிவாளாக வளைவது குறைவு. 1948-லேயே புரூக்ளின் மருத்துவர் ஜேனட் வாட்சன் இதை ஊகித்துவிட்டார்.

எல்லோருக்கும் கரைகிறதே, சிலருக்கு மட்டும் ஏன் வலி குறைவு?

பரம்பரை! பிறந்த பின் சிசு ஹீமோகுளோபினை அடக்கிவைப்பது பி.சி.எல்.11ஏ என்ற மரபணு. சிலருக்குப் பிறவியிலேயே அதன் பிடி தளர்வு. 2023-ல் பிரிட்டன் அனுமதித்த மரபணுத் திருத்தச் சிகிச்சையும் அந்தப் பிடியைத்தான் தளர்த்துகிறது.

நம் பக்கத்துக்கு வருவோம். நீலகிரிப் பழங்குடியினரிடம் இந்த நோய்க்கூறு இருப்பதை 1952-ல் ஆய்வாளர்கள் லேமனும் கட்புஷும் கண்டறிந்தார்கள். இந்தியாவில் பரவலான அரபு-இந்திய மரபு வகையில், ஆப்பிரிக்க வகைகள் பலவற்றைவிட சிசு ஹீமோகுளோபின் அதிகம். அதற்காக ‘நம்மூர் நோய் லேசானது’ என்று நீலகிரியின் ஒரு கூடலூர்க் குழந்தையின் வலியைத் தள்ளிவிடலாமா? சிசு ஹீமோகுளோபினைக் கூட்டும் ஹைட்ராக்ஸியூரியா மருந்து, மாதம் தவறாமல் மலையேறிப் போய்ச் சேர வேண்டும்.