ஒத்த ஓட்டு அப்புச்சி

வா கண்ணு, இப்படித் திண்ணையில உக்காரு. பார்லிமெண்டு எலெக்சன்ல சுயேச்சையா நிக்கப் போறயாமா? உங்கொம்மா நேத்துப் போன்ல ஒரே அழுவாச்சி. நான் சிரிச்சுப்போட்டேன். நம்ம ஊட்டுக்கு இது என்ன புதுசா? உம்பட அப்புச்சியும் நின்னவன்தான். 1996-ல, மொடக்குறிச்சியில.

அது சட்டசபைத் தேர்தலு. வெவசாயி சொல்றது எவன் காதுலயும் ஏறல, சரி, ஆளாளுக்கு மனுப் போட்டுருவோம்னு கெளம்பீட்டோம். மொத்தம் 1,033 பேரு. தேர்தலையே தள்ளி வெச்சாங்க. அன்னைக்கு மிசினேது? சீட்டுத்தான். அத்தன பேரும் ஒரு சீட்டுல அடங்குமா? பொஸ்தகமாவே அடிச்சுப்போட்டாங்க.

மறைப்புக்குள்ள போயி ஏடு ஏடாத் தள்றேன், எம்பேரக் காணோம். பின்னால நிக்கறவன் செருமறான். கண்ணாடிய வேற ஊட்டுலயே வெச்சுட்டு வந்துட்டேன். கை நின்ன எடத்துல ஒரு குத்துக் குத்தீட்டு வெளிய வந்துட்டேன். ஜெயிச்சது சுப்புலட்சுமி ஜெகதீசன். 88 பேருக்கு ஒரு ஓட்டுக்கூட விழுகல. 158 பேருக்கு ஒண்ணே ஒண்ணு. அந்த 158-ல நானொருத்தன். அப்ப அந்த ஒத்த ஓட்டு ஆரு போட்டது? உங்கம்மாயியக் கேட்டா, ஓட்டு ரகசியம்ங்கறா. இன்னைக்கு வரைக்கும் வாயத் தொறக்கல. சண்டை வந்தா மட்டும், "அன்னைக்கு ஒரு தப்புப் பண்ணீட்டேன்"ங்கறா. கலியாணத்தச் சொல்றாளா, ஓட்டச் சொல்றாளான்னு எனக்கு வெளங்கல.

அதனால நீ தைரியமா நில்லு. அன்னைக்கு எனக்கு டெபாசிட்டு 250 ரூவா, பார்லிமெண்டுக்கே 500-தான். நாங்க பண்ணுன கூத்தப் பாத்து அதே வருசம் பார்லிமெண்டுக்கு 10,000 ஆக்கிப்போட்டாங்க. எங்களாலதான்னு நாஞ் சொல்லிக்கறேன். டெல்லிக்காரன் ஒத்துக்குவானோ என்னமோ. இப்ப 25,000. கவலப்படாத, திருப்பித் தருவாங்க. விழுகற நல்ல ஓட்டுல ஆறுல ஒரு பங்குக்கு மேல நீ வாங்கோணும், அவ்வளவுதான். பத்து லட்சம் ஓட்டு விழுந்தா ஒண்ணே முக்கா லட்சத்துக்குக் கொஞ்சம் கொறைச்ச. நம்ம ஒறம்பரை, உம்பட வாட்ஸப்பு சிநேகிதனுக எல்லாத்தையும் கூட்டிப் பாரு. மிச்சத்த நான் பாத்துக்கறேன்.

செலவுக்கும் வரம்பு வெச்சிருக்காங்க: 95 லட்சம். அதுக்கு மேல போயிராதடா சாமி! பார்த்துச் செலவு பண்ணு. டீ, மாலை, ஆட்டோவு எல்லாத்துக்கும் கணக்கெழுதி, முடிவு வந்து முப்பது நாளுக்குள்ள குடுக்கோணும். குடுக்கலீன்னா மூணு வருசம் நிக்க உடமாட்டாங்க. பால் சொசைட்டிக் கணக்கையே உங்கம்மாயிதான் பாக்கறா, ஞாபகம் வெச்சுக்க.

எங்களையாட்டவே மஞ்சக்காரனுகளும் ஒரு கூத்துப் பண்ணுனானுக, தெரியுமா? 2019-ல நிஜாமாபாத்துல 185 பேரு பார்லிமெண்டுக்கு நின்னாங்க, முக்காவாசி மஞ்சள் வெவசாயிக. மிசின்ல ஒரு பொட்டிக்குப் பதினாறு பேருதான் அடங்கும். சாவடிக்குப் பன்னண்டு பொட்டி வரிசையா வெச்சாங்க. மொதல் பொட்டியில இருந்து கடைசிக்குப் போறதுக்குள்ள என்னையாட்டக் கெழவனுக்கு ஆருக்கு ஓட்டுப் போட வந்தோம்ங்கறதே மறந்துரும். ஆனா வேடிக்கைன்னு நெனைக்காத. மஞ்சள் வாரியம் வேணும்னு கத்துனானுக. 2025 ஜனவரியில வாரியம் வந்துருச்சு, அதுவும் நிஜாமாபாத்துலயே. நம்ம ஈரோட்டு மஞ்சளுக்கு அந்த ரோசன தோணாமப் போச்சு பாரு.

சின்னம் என்ன கேக்கப் போற? 2024-ல ராமநாதபுரத்துல ஓ.பன்னீர்செல்வமே பலாப்பழம் வாங்கித்தான் நின்னாரு. அதே பேருல இன்னும் அஞ்சு பேரு நின்னானுக. எங்கிருந்து புடிச்சாங்களோ! உம்பேருல பெரிய ஆளு எவனாவது நம்ம தொகுதியில நிக்கறானான்னு மொதல்ல விசாரி. இருந்தா உனக்கு மருவாதி தனி. கார் அனுப்பி ஆள் வரும்.

சுயேச்சைக்கு முன்மொழிய பத்து ஓட்டுக்காரங்க கையெழுத்து வேணும். மொதக் கையெழுத்து என்னுது. எம்பட ஓட்டக் கேக்காத, அது ரகசியம்.

டெபாசிட்டுக்குப் பணமா? பட்டியில மூணு குட்டி வித்தா முக்காவாசி தேறும். சந்தை செவ்வாக்கெழம. ஆனா அந்தக் கருங்குட்டி உங்கம்மாயி புட்டிப்பால் குடுத்து வளத்துனது. அவகிட்ட நீயே கேட்டுக்க. கேக்கறதுக்கு முன்னால எனக்கொரு சத்தம் குடு, சித்தெ தோட்டத்துப் பக்கம் போயிட்டு வர்றேன்.